வாத்தையும் பன்றியையும் ஒரே குளத்தில் சேர்க்க வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வீட்டில் ஒருவருக்குச் சளிக் காய்ச்சல் கண்டால், அது வீடு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். பன்றி வளர்க்கும் வீட்டில் காய்ச்சல்காரர் போர்த்திப் படுத்துக் கிடக்க முடியாது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நான்கைந்து நாள் கழித்து, வாளிச் சத்தம் கேட்டதும் முட்டி மோதி ஓடி வரும் பன்றிகள் எழுந்து வராமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். உடம்பு கொதிக்கும். மூக்கில் நீர் வடியும். நாய் குரைப்பது போன்ற வறட்டு இருமல் கேட்கும். போட்ட தீவனம் தொட்டியில் அப்படியே இருக்கும். "ஈரக் காற்று தாக்கிவிட்டது" என்று வளர்ப்பவர் வைக்கோலை அள்ளிப் பரப்புவார். ஐந்தாறு நாளில் பன்றிகள் தாமாகவே தேறி எழுந்து தின்னத் தொடங்கும். நூற்றுக்கு ஒன்றிரண்டு, அதுவும் இளங்குட்டிகள், இறந்து போகலாம். நஷ்டம் பெரிதல்ல. ஆகவே கால்நடை மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இத்தகைய வேளைகளில் ஈரக் காற்றின்மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. வீட்டுக்காரருக்கு வந்த இன்ஃப்ளூயன்சா நச்சுயிரியே பன்றிக்குப் போயிருக்கக் கூடும். பன்றியிடமிருந்து மனிதனுக்கு நோய் வருகிறது என்ற பேச்சே எங்கும் கேட்கிறது. மனிதனிடமிருந்து பன்றிக்குப் போவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இதற்கு நார்வே நாடு நல்ல சான்று. அந்நாட்டுப் பன்றிகளிடம் 2009-ஆம் ஆண்டு வரை இன்ஃப்ளூயன்சா இருந்ததில்லை. ஆண்டுதோறும் இரத்தம் எடுத்துச் சோதித்து அதை உறுதி செய்து வந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் முதல் பண்ணையில் பன்றிகள் இருமின. விசாரித்ததில், அதற்குச் சில நாட்கள் முன்னதாகப் பண்ணை ஆட்கள் காய்ச்சலில் கிடந்தது தெரிய வந்தது. 2010 முடிவதற்குள் அந்நாட்டுப் பண்ணைகளில் பத்துக்கு நான்கில் அந்த நச்சுயிரி நுழைந்த அடையாளம் இருந்தது. 2009-க்கும் 2011-க்கும் இடையில் உலகெங்கும் குறைந்தது 49 தடவை மனிதனிடமிருந்து பன்றிக்கு இந்த நச்சுயிரி தாவியதாக, அதன் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். கண்டுபிடிக்கப்பட்டவை மட்டுமே இவை.

பன்றி தேறிவிடுகிறதே, பிறகு கவலை எதற்கு என்று கேட்கலாம். கவலை, அந்த ஐந்தாறு நாட்களில் பன்றியின் மூச்சுக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

ஒரே பெயரில் மூன்று நோய்கள்

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "பன்றிக் காய்ச்சல்" என்ற ஒரே சொல்லால் தமிழில் மூன்று வேறு நோய்களைக் குறித்து வருகிறோம். பழைய பன்றிக் காய்ச்சல் ஒன்று. பன்றிக் காலரா என்றும் சொல்லுவார்கள். இது கூட்டத்தையே அழித்துவிடும். இதற்குத் தடுப்பூசி உண்டு. மற்றொன்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020-இல் அசாமில் தலைகாட்டி, 2022-இல் வயநாடு வரை வந்துவிட்டது. வந்த கொட்டிலில் பன்றி தப்பிப் பிழைப்பது அரிது. இவ்விரண்டும் மனிதனுக்கு வருவதே இல்லை. மூன்றாவதுதான் இன்ஃப்ளூயன்சா. இது பன்றியைக் கொல்வது குறைவு, ஆனால் மனிதனுக்கும் பறவைக்கும் பன்றிக்கும் இடையே போய் வரக்கூடியது.

செய்தித்தாளில் "பன்றிக் காய்ச்சலுக்கு ஒருவர் பலி" என்று வரும்போது அது எச்1 என்1 என்ற இன்ஃப்ளூயன்சாவைக் குறிக்கும். அந்நோயாளிக்கு அது பக்கத்தில் இருமிய இன்னொரு மனிதரிடமிருந்து வந்தது. பன்றியைப் பார்த்தே இராதவருக்கும் வரும். அது ஆண்டுதோறும் வந்து போகும் மனித நோயாகி வெகு காலம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009 ஏப்ரல் 30-ஆம் தேதியே பன்றியின் பெயரை விட்டுவிட்டு எச்1 என்1 என்று அழைக்கத் தொடங்கியது. தமிழில் மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்காலத்திலும் பன்றி வளர்ப்போரின் வயிற்றில் அடிக்கிறது. நன்கு வேகவைத்த பன்றி இறைச்சியால் இந்நோய் வராது. பத்திரிகைகளும் சுகாதாரத் துறையினரும் இனியாவது "எச்1 என்1 ஃப்ளூ" என்று சொல்லப் பழகினால், நாலு பன்றியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும். பெயர் சரியானால் இன்னொரு நன்மையும் உண்டு. தன் பன்றி இருமுகிறது என்று வெளியே சொல்ல வளர்ப்பவர் அஞ்ச மாட்டார்.

இரண்டு வண்டி, ஒரு பட்டறை

இன்ஃப்ளூயன்சா நச்சுயிரியின் மரபுப் பொருள் ஒரே நீண்ட இழையாக இல்லை. எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. மாட்டு வண்டியை அச்சு, சக்கரம், நுகத்தடி என்று கழற்றிப் பிரிப்பது போல் இதையும் எட்டாகப் பிரிக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். நச்சுயிரி ஓர் உயிரணுவுக்குள் நுழைந்ததும் இந்த எட்டுத் துண்டுகளும் தனித்தனியே நகல் எடுக்கப்பட்டு, புதிய நச்சுயிரிகளில் மறுபடி பூட்டப்பட்டு வெளியே வருகின்றன.

ஒரே பட்டறையில் இரண்டு வண்டிகளை ஒரே சமயத்தில் கழற்றிப் போட்டால் என்ன ஆகும்? தச்சர் கவனமாக இல்லாவிட்டால் இந்த வண்டியின் அச்சில் அந்த வண்டியின் சக்கரம் ஏறிவிடும். அதுபோல, ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வகை இன்ஃப்ளூயன்சா ஒரே நேரத்தில் புகுந்தால், வெளியே வரும் நச்சுயிரிகளில் சில இதிலிருந்து மூன்று துண்டும் அதிலிருந்து ஐந்து துண்டுமாகக் கலந்திருக்கும். எட்டுத் துண்டுகளில் ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றால், மொத்தம் 256 விதமாகப் பூட்ட முடியும். இவற்றில் பெரும்பாலானவை ஓடாத வண்டிகள். பிறந்த இடத்திலேயே அழிந்துவிடும். எப்போதோ ஒன்று முன்னைவிட நன்றாக ஓடும். அந்த ஒன்றுதான் ஆபத்து. காரணம், அதன் மேலுறையை மனித உடம்பு முன்பின் பார்த்திராது. பழைய ஃப்ளூவினால் ஏற்பட்ட எதிர்ப்புச் சக்தி அதனிடம் செல்லாது.

இந்தப் பட்டறை பன்றியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நச்சுயிரி உயிரணுவைப் பற்றிக்கொள்ள, அணுவின் மேற்பரப்பில் உள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளைப் பூட்டாகப் பயன்படுத்துகிறது. பறவை நச்சுயிரியின் சாவி ஒரு பூட்டுக்கும், மனித நச்சுயிரியின் சாவி வேறொரு பூட்டுக்கும் பொருந்தும். பன்றியின் மூச்சுப் பாதையில் இரண்டு பூட்டுகளும் இருக்கின்றன. ஆகவேதான் 1980-களிலிருந்து விஞ்ஞானிகள் பன்றியைக் "கலக்கும் பாத்திரம்" என்று அழைத்து வருகிறார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. மனிதனின் நுரையீரல் ஆழத்திலும் பறவைப் பூட்டு இருப்பது பின்னால் தெரிய வந்தது. காடை போன்ற சில பறவைகளிலும் இரண்டும் உண்டு. எனினும், மனிதன் தினமும் இரண்டு வேளை பக்கத்தில் நின்று தீவனம் போடுவதும், வாத்தும் கோழியும் காலடியில் மேய்வதும் பன்றிக்கு மட்டுமே நேரும் நிலை. பூட்டைவிட இந்தப் பழக்கந்தான் பன்றியைப் பட்டறை ஆக்குகிறது.

தொண்ணூறு ஆண்டுக் கதை

1918-ஆம் ஆண்டு உலகையே உலுக்கிய பெரும் காய்ச்சலின்போது, அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பன்றிகளும் அதே அறிகுறிகளுடன் படுத்தன. கோயன் என்ற அரசாங்கக் கால்நடை ஆய்வாளர், இது மனிதருக்கு வந்த அதே நோய்தான் என்று துணிந்து சொன்னார். பன்றி விற்பனை கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் அவர்மேல் சீறினார்கள். அன்று தொடங்கிய அச்சம் இன்றும் தீர்ந்தபாடில்லை. பின்னர் 1930-இல் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆராய்ச்சியாளர் அயோவாப் பன்றிகளிலிருந்து அந்த நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். மனிதனின் இன்ஃப்ளூயன்சா நச்சுயிரியைக் கண்டறிந்தது அதற்குப் பிறகு, 1933-இல்தான். பன்றிக்குச் செய்த ஆராய்ச்சி மனிதனுக்கு வழிகாட்டியது என்று சொல்லலாம்.

அந்தப் பழைய பன்றி எச்1 என்1, வட அமெரிக்காவில் எண்பது ஆண்டு காலம் அதிக மாறுதல் இல்லாமல் பன்றிகளிடமே சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே 1979-இல் ஒரு பறவை நச்சுயிரி அப்படியே, எட்டுத் துண்டுகளுடனும், பன்றிகளுக்குத் தாவி நிலைத்துவிட்டது. இடையில் பெருங்கடல் இருந்ததால் இரண்டும் சந்திக்கவில்லை.

1998-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிகள் கடுமையாக நோயுற்றன. சினைப் பன்றிகள் குட்டிகளை வீசின. சோதித்தபோது மனித எச்3 என்2 நச்சுயிரியும் பழைய பன்றி நச்சுயிரியும் கலந்த ஒரு புதிய வகை கிடைத்தது. அதே ஆண்டில் டெக்சஸ், மின்னசோட்டா, அயோவா மாநிலங்களில் கிடைத்தது இன்னும் ஆச்சரியமானது. அதில் மூன்று துண்டுகள் மனிதனிடமிருந்தும், மூன்று பழைய பன்றி வகையிலிருந்தும், இரண்டு பறவையிலிருந்தும் வந்திருந்தன. மூன்று வீட்டுச் சாமான்களைக் கொண்டு பூட்டிய வண்டி! அது நன்றாக ஓடியது. விரைவிலேயே நாடு முழுவதும் உள்ள பன்றிப் பண்ணைகளுக்குப் பரவியது.

பிறகு நடந்ததற்கு ஆட்டக்களம் மெக்சிகோ. 1990-களிலிருந்து அங்கே பன்றித் தொழில் பெருந்தொழிலாக வளர்ந்தது. இனவிருத்திக்காக அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உயிர்ப் பன்றிகளை இறக்குமதி செய்தார்கள். கடலால் பிரிந்து கிடந்த இரண்டு நச்சுயிரி வம்சங்களும் இப்படி ஒரே நாட்டின் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தன. 2009 வசந்த காலத்தில் மனிதரிடம் வெடித்த புதிய எச்1 என்1 நச்சுயிரியின் எட்டுத் துண்டுகளையும் பிரித்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது: இரண்டு பறவையிலிருந்து வந்தவை, ஒன்று மனிதனுடையது, மூன்று பழைய பன்றி வகை, இரண்டு ஐரோப்பியப் பன்றி வகை. 2016-இல் வெளியான ஆராய்ச்சி, இதன் நேர் மூதாதையரை மெக்சிகோவின் நடுமேற்குப் பகுதிப் பன்றிகளிடம் கண்டுபிடித்துக் காட்டியது. 2009 ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதை உலகக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. முதல் ஆண்டில் உலகெங்கும் 1,51,700 முதல் 5,75,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பின்னால் போட்ட மதிப்பீடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் அல்லர் என்பது இதன் கொடுமை.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலப்புக்கு வேண்டிய சரக்குகளைக் கடல் தாண்டிக் கொண்டு வந்து சேர்த்தவர் சிறு விவசாயி அல்லர். பன்றியை விமானத்திலும் கப்பலிலும் ஏற்றி வரவழைக்கக் கூடியவர்கள் பெரிய வணிகர்களே. ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? எகிப்தில் 2009 ஏப்ரல் இறுதியில், அந்நாட்டில் ஒரு மனிதருக்குக்கூட அந்நோய் கண்டிராத வேளையில், நாட்டில் உள்ள எல்லாப் பன்றிகளையும் கொன்றுவிட உத்தரவு பிறந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகள். அவற்றை வளர்த்தவர்களில் பலர் கெய்ரோ நகரில் வீடு வீடாகக் குப்பை வாரிப் பிழைக்கும் ஏழைகள். உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டு, மீதியைப் பிரித்து விற்று வயிறு வளர்த்தவர்கள். பன்றிகளைக் கொல்வதால் பயனில்லை என்று சர்வதேச நிறுவனங்கள் சொல்லியும் கேட்கவில்லை. பன்றி போயிற்று, தின்ன ஆளில்லாத உணவுக் கழிவு தெருவில் மலை மலையாகக் குவிந்து நாறியது. நோயோ விமானப் பயணிகளுடன் ஜூன் மாதமே எகிப்துக்குள் வந்து சேர்ந்தது. மூளையைப் பயன்படுத்தாமல் கத்தியைப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

நம் குளத்துக் கரையில்

இனி உள்ளூர் நிலைக்கு வரலாம். ஒருங்கிணைந்த பண்ணையம் என்ற பெயரில் குளத்துக் கரையில் பன்றிக் கொட்டில், தண்ணீரின்மேல் வாத்துக் கூண்டு, குளத்தில் கெண்டை மீன் என்று படம் போட்டு விரிவாக்கப் பணியாளர்களே பல காலம் காட்டி வந்திருக்கிறார்கள். சாணம் குளத்தில் விழுந்தால் மீனுக்குத் தீனி, வண்டலை அள்ளினால் வயலுக்கு உரம் என்ற கணக்கு தவறல்ல. பன்றியும் மீனும் சேர்ந்தால் நல்ல வருமானம்தான். வாத்தும் மீனும் சேர்ந்தாலும் அப்படியே. மூன்றையும் ஒரே கரையில் கட்டுவதில்தான் தவறு இருக்கிறது.

வாத்தின் குடலில் இன்ஃப்ளூயன்சா நச்சுயிரி வாழும். பெரும்பாலான வகைகளால் வாத்துக்கு நோயே தெரியாது. ஆரோக்கியமாக நீந்திக்கொண்டிருக்கும் வாத்தின் எச்சத்தில் நச்சுயிரி ஏராளமாகக் குளத்தில் கலக்கும். குளிர்ந்த நீரில் அது பல நாள் உயிரோடு இருக்கும். அதே நீரைப் பன்றி குடிக்கிறது. அதே நீரால் பன்றியைக் குளிப்பாட்டுகிறார்கள். இருமிக்கொண்டு தீவனம் போட வரும் மனிதர் தம் பங்கைச் சேர்க்கிறார். பட்டறைக்கு வேண்டிய எல்லாச் சாமான்களும் வந்துவிட்டன.

இது புதிய எச்சரிக்கை அல்ல. ஜெர்மனி நாட்டு நச்சுயிரி ஆய்வாளர் கிறிஸ்டோஃப் ஷோல்டிசெக், நெய்லர் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1988-லேயே 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். ஆசிய நாடுகளில் பன்றி, வாத்து, மீன் மூன்றையும் சேர்த்து வளர்க்கப் பண உதவி செய்யும் திட்டங்கள் மனிதருக்கு ஆபத்தாக முடியலாம் என்பது அவர்கள் வாதம். மீன் வளர்ப்பு வல்லுநர்கள் அதே ஆண்டு மறுத்தார்கள். பன்றியையும் வாத்தையும் ஒரே இடத்தில் வைப்போர் மிகக் குறைவு, வீண் பீதி வேண்டாம் என்றார்கள். குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். குறைவாக இருக்கும்போது நிறுத்துவதுதானே எளிது?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். அது பெரிய பண்ணை அல்ல. வீட்டுக் கொல்லையில் கோழி, வாத்து, ஆடு, பன்றி என்று கலந்து வைத்திருந்த இடம். பன்றிகள் மொத்தம் ஐந்து. பறவைகளுக்கு எச்5 என்1 பறவைக் காய்ச்சல் கண்டது. பன்றிகளைச் சோதித்தபோது அவற்றிலும் நச்சுயிரி இருந்தது. அந்நாட்டில் பன்றியிடம் எச்5 என்1 கண்டது அதுவே முதல் தடவை. விசாரணையில் தெரிந்தது என்ன? பறவைகளும் மிருகங்களும் ஒரே தண்ணீர், ஒரே கொட்டகை, ஒரே தளவாடங்களைப் பயன்படுத்தி வந்தன. நல்லவேளையாக அது அங்கேயே அடங்கிவிட்டது.

நம் பக்கத்தில் ஆபத்துக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. அறுவடை முடிந்த நெல் வயல்களில் மேய்ச்சல் வாத்துகளைக் கூட்டங் கூட்டமாக ஓட்டி வருவதும், அக்கூட்டங்கள் கேரளம், ஆந்திரம் வரை போய் வருவதும் நாள்பட்ட வழக்கம். கேரளத்துக் குட்டநாட்டில் 2014-இல் வாத்துகளிடம் எச்5 என்1 கண்டு, அதன் பின் பல தடவை பறவைக் காய்ச்சல் திரும்பி வந்திருக்கிறது. மேய்ச்சல் வாத்து இறங்கிய குளத்தில் பன்றியை நீர் குடிக்க விடுவது இனி கூடாது. கோழிக்கடைக் கழிவை வாங்கிப் பன்றிக்குப் போடுவோர் அதை நன்றாகக் கொதிக்கவைத்தே போட வேண்டும். செத்த கோழி, செத்த வாத்து எதையும் பன்றியின் முன் வீசக் கூடாது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஓட்டல் கழிவைக் கொதிக்கவைக்காமல் போட்டால் ஆப்பிரிக்கக் காய்ச்சலும் அதே வாளியில் வந்துவிடும் என்பதால், விறகுச் செலவைப் பார்க்கக் கூடாது.

சிறு விவசாயிக்கு இதனால் என்ன நஷ்டம்? கணக்குப் பார்க்கலாம். எக்டேர் குளத்துக்கு 30 முதல் 40 பன்றிகள், அல்லது 200 முதல் 300 வாத்துகள் என்பது சிபாரிசு. 25 சென்ட் குளம் வைத்திருப்பவருக்கு மூன்று நான்கு பன்றி, அல்லது இருபது முப்பது வாத்து. இவற்றில் ஒன்றின் எச்சமே அக்குளத்துக்குப் போதும். இரண்டையும் முழு எண்ணிக்கையில் கட்டினால் கழிவு மிஞ்சி, நீரில் பிராணவாயு குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ஆகவே "ஒன்றை விடு" என்பதால் வருமானம் பாதியாகிவிடாது. பன்றி வளர்க்கத் தெரிந்தவர் பன்றியை வைத்துக்கொள்ளட்டும். வாத்துப் பழக்கம் உள்ளவர் வாத்தை வைத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே இரண்டும் இருந்தால் பன்றிக்குக் கிணற்று நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ கொடுத்து, கொட்டிலுக்கு வலை அடித்து, வாத்தைக் குளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கொக்கும் காக்கையும் வரத்தானே செய்யும் என்று சிலர் வாதிப்பார்கள். வரும். ஆனால் எப்போதோ வந்து போகும் காக்கையும், காலை முதல் மாலை வரை தண்ணீர்த் தொட்டியில் மூக்கை வைக்கும் முப்பது வாத்தும் ஒன்றல்ல.

சந்தையில் வாங்கிய பன்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2012 கோடையில் அமெரிக்காவில் விவசாயப் பொருட்காட்சிகளுக்குப் பன்றிகளைக் கொண்டுவந்து ஒரே கூடாரத்தில் கட்டியதில், 300-க்கும் மேற்பட்ட மனிதருக்குப் பன்றி எச்3 என்2 தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தடவிக் கொடுத்த சிறுவர் சிறுமியர். 2009 நச்சுயிரியின் ஒரு துண்டு அந்த எச்3 என்2-க்குள் ஏற்கெனவே ஏறியிருந்தது. பல ஊர்ப் பன்றிகள் ஓரிடத்தில் கூடினால் பல ஊர் நச்சுயிரிகளும் கூடும். ஆகவே சந்தையிலிருந்து ஓட்டி வந்த குட்டியைப் பழைய பன்றிகளுடன் அன்றே விடாமல், தள்ளி ஓரிடத்தில் ஒரு மாதம் வைத்துத் தனி வாளியில் தீவனம் போடுவது நல்லது. இன்ஃப்ளூயன்சாவுக்குப் பத்து நாள் போதும். மற்ற இரண்டு காய்ச்சல்களுக்காகத்தான் ஒரு மாதம்.

வளர்ப்பவரை மட்டும் கட்டுப்படுத்திவிட்டு அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நியாயம் ஆகாது. சீனாவில் 2011 முதல் 2018 வரை பன்றிகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். அதில் 2009 நச்சுயிரியின் துண்டுகளும் ஐரோப்பியப் பன்றி வகைத் துண்டுகளும் கலந்த ஒரு புதிய வகை 2016-க்குப் பின் ஓங்கி நிற்பது தெரிந்தது. பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த 338 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 35 பேருக்கு அது ஏற்கெனவே வந்து போன அடையாளம் இருந்தது. தொடர்ந்து பார்த்ததால் தெரிந்தது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 90 லட்சம் பன்றிகள் உள்ளன. பெரும்பகுதி ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஏழைகளின் கொல்லையில் நிற்பவை. நோய் கண்டு தானே தேறிவிடும் பன்றியைப் பற்றி ஒருவர் வேலையை விட்டு வந்து தகவல் சொல்ல வேண்டுமானால், அதனால் அவருக்கு நஷ்டம் வராது என்ற உறுதி இருக்க வேண்டும். "சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள், சந்தையை மூடிவிடுவார்கள்" என்ற பயம் இருக்கும் வரை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

சாதாரணப் பன்றி இன்ஃப்ளூயன்சாவுக்குப் பன்றியைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வாரம் விற்காமல், வெளியே ஓட்டாமல் தனியே வைத்திருந்தால் போதும். அந்த இரண்டு வாரத் தீவனச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் நோய்த் தகவல் தானாக வரும். மூக்கில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலை, கால்நடை மருத்துவமனைகளில் செய்யக் கூடியதே. பறவைக் காய்ச்சலைச் சோதிக்கப் போபாலில் தேசிய ஆய்வகம் இருக்கிறது. கோழிக்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கைப் பன்றிக்கும் காட்டக் கூடாதா? பன்றி வளர்ப்போரைச் சமுதாயம் தள்ளி வைத்திருப்பதுதான் இந்த அலட்சியத்துக்கு அடிப்படையோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. மனிதருக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பன்றி, கோழி, வாத்து வளர்ப்போருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட வழி செய்வதும் வீண் செலவல்ல. வளர்ப்பவருக்கு ஃப்ளூ வராவிட்டால் பட்டறைக்குப் போகும் சாமான்களில் ஒன்று குறைகிறது.

தடுப்பூசி கிடைக்கும் வரை காத்திராமல் செய்யக் கூடியதும் உண்டு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால், ஒரு வாரத்துக்குக் கொட்டில் வேலையை உடம்பு நன்றாக உள்ள வேறொருவர் பார்க்கட்டும். வேறு ஆள் இல்லாத வீடுகளே அதிகம். அங்கே நோயாளியே போக வேண்டியிருந்தால், மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொட்டிலுக்குள் இறங்காமல் தடுப்புக்கு வெளியே நின்றபடியே தீவனத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்துவிட வேண்டும். சாணம் அள்ளுவதும் கழுவுவதும் இரண்டு நாள் தள்ளிப் போனாலும் பாதகமில்லை. குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கு இருமல் இருந்தால், அவர்களையும் அந்த வாரம் கொட்டில் பக்கம் விடக் கூடாது. அதன் பிறகும் பன்றிகள் இருமினால், எத்தனை நாளாக, எத்தனை பன்றிக்கு, வீட்டில் யாருக்கு எப்போது காய்ச்சல் கண்டது என்று குறித்து எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.